விதை விடாத மரம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நகராட்சி நாற்றுப்பண்ணைக்கு இருபத்தாறு வருடமாகப் பொறுப்பாளர் என் அக்கா. போன வாரம் நகராட்சி அலுவலகத்தில் அவளிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். 'வெளிநாட்டு நிழல்மரத்தின் விதை முளைப்பதை அறிந்தும் மறைத்தேன்.' போட்டால் வேலை போகும். போடாவிட்டால் விசாரணை. கால்வாய் முழுக்க அந்த மரத்தின் கன்றுகள் மண்டி, மழைத்தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. யாராவது ஒருவர் மாட்ட வேண்டாமா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

2

முதல் தொடக்கம்: கடல் கடந்து வந்த அந்த அரக்கன், தன் வேர்களை மெல்ல மெல்ல—

அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"மரம் என்னடா பண்ணுச்சு? நாமதானே கூட்டிட்டு வந்து வெச்சோம்? இத்தனை வருஷம் அதோட நிழல்ல நின்னுட்டு, இப்ப அரக்கன்ங்கற."

அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் சொல்வது சரி. அந்த மரம் அன்றும் பூத்தது, காய்த்தது. காய் முற்றுவதற்குள் குளிர் வந்து கருக்கிவிடும். அந்தத் தைரியத்தில்தான் தெருத்தெருவாக நட்டார்கள். இப்போது குளிர் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறது. காய் முற்றி வெடிக்கிறது, விதை கால்வாயில் மிதந்து போகிறது. புகையை விட்டுக் காற்றைச் சூடாக்கியது நாம். கெட்ட பெயர் மரத்துக்கு!

3

(ஒரு பாத்திரத்தைச் சந்தேகிப்பது எழுதுகிறவன் உரிமை. அக்காவையும் சந்தேகித்தேன்.)

"உண்மையிலேயே உனக்குத் தெரியாதா?"

ஒரு நோட்டை எடுத்து மேசையில் போட்டாள். வருடாவருடம் நூறு விதையை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, இருபத்தோராம் நாள் முளைத்ததை எண்ணி எழுதியிருக்கிறாள். பக்கம் பக்கமாகப் பூஜ்யம். பிறகு மூன்று. பதினேழு. ஐம்பத்தெட்டு.

"அலுவலகத்துக்கு அனுப்பலையா?"

"அனுப்பாம? எழுத்தர் அதைப் பிரிக்கவே மாட்டாரு. 'விதையால் பரவாது'ன்னு நகராட்சி அச்சடிச்ச மரக் கையேட்டுல இருக்கறதைப் பார்த்து அப்படியே எழுதிடுவாரு. கேட்டா, 'அச்சுல வந்ததுக்கு மேல நீங்க என்ன பெரிய ஆளா'ம்பாரு."

அடப்பாவிகளா! அவள் அனுப்பிய நகல்கள் இப்போது கிடைக்கவில்லையாம். கையேட்டை எழுதிக் கொடுத்த நிபுணரும் எந்த எச்சரிக்கையும் தரவில்லையாம். ஆகவே, தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் அக்காதானாம்.

4

அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். சின்ன எழுத்தில் இருந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள் என்று ஆசை.

அந்தக் கையேட்டைச் செப்பனிட்டவன் நான். நிபுணர் எழுதியது: 'இப்போதைய குளிர் நீடிக்கும் வரை, இம்மரம் விதையால் பரவாது.' வாக்கியம் இழுக்கிறது என்று முன்பாதியை வெட்டினேன். வாசிக்க நன்றாக இருக்கிறது என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள். சிவப்பு மையில் நான் அடித்த கைப்பிரதி, அலுவலக முத்திரையோடு, என் அலமாரியில் இருக்கிறது. அவர்களுக்கு எச்சரிக்கை வந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை. இன்றும் அந்த அலுவலகத்துக்குத்தான் கையேடு எழுதிச் சாப்பிடுகிறேன்.

இவ்வளவு நேரம் யார் மீது கோபப்பட்டுக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: அக்கா கையெழுத்துப் போடுகிறாள். (போட மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: எழுத்தர் மனம் திருந்துகிறார். (சிரிக்காதீர்கள்.)

முடிவு மூன்று: கைப்பிரதியை எடுத்துக்கொண்டு நான் அலுவலகப் படியேறி—

இதை நான்கு முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் படியிலேயே நின்றுவிடுகிறேன். முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்றும் பார்த்தேன். செய்ததை அடுத்தவர் தலையில் கட்டுவது எனக்குக் கைவந்த கலை என்பதுதான் உங்களுக்கு இப்போது தெரியுமே.

அதனால் இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். காலை ஒன்பதரை. பத்து மணிக்கு விசாரணை. நான்காம் பகுதியை இரண்டு தடவை படித்தாள்.

"நாலே நாலு வார்த்தை," என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாமேடா."

தாள்களை மடித்து என்னிடமே தந்தாள். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் போய்ச் செருப்பை மாட்டினாள். என் அலமாரிச் சாவி மேசையில்தான் இருக்கிறது.

"வர்றியா?"