கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. உரக்கப் பேசும் ஒரு பெண்ணின் கதை இது. ஆனாலும் மெதுவாகத்தான் சொல்லப்போகிறேன்.

மைசூரில் ஒரு பொறியியல் கல்லூரி. கம்பெனிகள் ஆள் எடுக்க வருவதற்கு முன்னால், நாலு பேர் நடுவில் எப்படிப் பேசுவது, எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று கடைசி வருஷப் பிள்ளைகளைப் பழக்க ஒரு வகுப்பு. நடத்துகிறவள் சகாயமேரி. அங்கே ரூபா வாயைத் திறந்தாலே மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். "மைக்கை ஆஃப் பண்ணு ரூபா, பக்கத்து காலேஜ்ல கம்ப்ளைன்ட் வருது" என்பான் சந்துரு. அவள் சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். குரல்தான் சண்டைக்கு வந்த மாதிரி. குழுவாகப் பேசவைக்கும் முதல் சுற்றிலேயே இவளைக் கழித்துவிடுவார்களே என்று சகாயமேரிக்குக் கவலை. குரலைப் பாதியாகக் குறை, வீட்டிலும் அப்படியே பேசிப் பழகு என்று சொல்லி அனுப்பினாள்.

ரூபா பழகினாள். வகுப்பில் சிரிப்பு நின்றது. வீட்டில் வேறொன்று நின்றுபோனது. அப்பா சீனிவாசன் துணி மில்லில் தறி ஓட்டுகிறவர். அந்தச் சத்தத்திலேயே கிடந்து காது மந்தமாகிவிட்டது. அவர்கள் வீட்டில் கொஞ்சுவதுகூடக் கத்தித்தான். மகள் உதட்டுக்குள்ளேயே பேச ஆரம்பித்ததும், என்னம்மா, என்னம்மா என்று கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்பதையே விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்துபோனார். "விடு அஞ்சலை, படிச்ச பொண்ணு. நம்மகூடப் பேச வெக்கமா இருக்கும்" என்று மனைவியிடம் ரகசியம் சொன்னார். ரகசியம் என்று அவர்தான் நினைத்தார். தெரு முழுக்கக் கேட்டது.

மறுநாள் ரூபா சகாயமேரியிடம் நடந்ததைச் சொன்னாள். "குரலைக் கொறச்சா வேலை கெடைக்கும் மேம். அப்பா தூரமாப் போயிடுவாரு."

சகாயமேரி வகுப்பையே ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கதவுக்கு அழைத்துப் போனாள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. குரல் கேட்காது, சேதி மட்டும் போய்ச் சேர வேண்டும். சந்துரு கையையும் காலையும் ஆட்டினான். தேள் கொட்டிவிட்டதா என்று கேட்டார்கள். ரூபா, எதிரில் நிற்பவள் தன் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் வார்த்தை வார்த்தையாக, அவசரமில்லாமல் உதட்டை அசைத்தாள். சேதி போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்து, மணிக்கட்டைத் தொட்டாள். அவர் முகம் நிமிரும்வரை பொறுத்தாள். பழகிய அதே சின்னக் குரலில், "கம்பெனி வருதுப்பா. எனக்கு பயமா இருக்கு" என்றாள்.

அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயம்னா சொன்னே? மொத நாள் தறியைத் தொடவே பயந்து தள்ளி நின்னவன் நான்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

கம்பெனி வந்த நாள். முதல் சுற்று முடிந்து, அடுத்த அழைப்புக்காக ரூபா கல்லூரி வாசலில் நின்றிருந்தாள். ஷிஃப்ட் முடிந்து திரும்பும் மில் பஸ் எதிரே சிக்னலில் நின்றது. மூடிய ஜன்னலுக்குப் பின்னால் அப்பா. அவர் பார்க்கும்வரை காத்திருந்து, சத்தமே இல்லாமல், மொத ரவுண்ட் தாண்டிட்டேன், இன்னும் ஒண்ணு இருக்கு என்றாள்.

கண்ணாடி விலகியது. தலை வெளியே வந்தது. "சாப்ட்டியா?"

சாலையே திரும்பிப் பார்த்தது. வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்ற கம்பெனிக்காரர்களும் பார்த்தார்கள். சந்துரு முகத்தை மூடிக்கொண்டான். ரூபா இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, இத்தனை நாள் மடித்து வைத்திருந்த குரலை முழுசாக விரித்தாள்.

"சாப்ட்டேன்ப்பா."

பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை அசைந்துகொண்டே போனது.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, சாப்பிட்டாயா என்று உரக்கக் கேட்க ஒரு குரலும், அதற்கு நிமிர்ந்து பார்க்க ஒரு முகமும் என்றைக்கும் இருக்கட்டும்.