ஐந்து வரை எண்ணிய குரல்

பன்னிரண்டு வருஷம் ராணுவத்தில் ரேடியோ செட் ரிப்பேர் பார்த்தவள் நான். வெளியே வந்து வேலை தேடினால் போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: “அது சரி, இங்க என்ன பண்ணுவீங்க?” ஏதோ நான் அங்கே பீரங்கிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மாதிரி. எங்கே போனாலும் ஈயம் பற்றவைப்பது ஒன்றுதான், புகைக்குச் சீருடை கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சர்டிபிகேட் கேட்டார்கள். இரண்டு வருஷம் வீட்டில் கிடந்தேன். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, பக்கத்து வீட்டு அழைப்பு மணி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் பிரித்துப் போட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் என்னையும் பிரித்துவிடுவாள் என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். ராத்திரியில் அவருக்கும் தூக்கம் வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒருவழியாக, ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது. மூன்று மாதம் பார்ப்பார்கள், திருப்தி என்றால் நிரந்தரம். மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் எதற்கும் அவசரம். ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வைத்த பெயர் ‘பட்டாளம்’. ஸ்க்ரூவை அளவு பார்த்து அடுக்கினால் பட்டாளம், டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் பட்டாளம். போகட்டும், நானும் அவர்கள் மேசைகளைக் குப்பைத்தொட்டி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் ஏழாம் படுக்கையின் பேச்சுப்பெட்டி மூன்றாவது முறையாகப் புகாருக்கு வந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து வயரில் தொங்கும் கைப்பிடி, அவ்வளவுதான். நோயாளி பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேசையில் விளக்கு எரியும். பிறகு இருவரும் பேசிக்கொள்ளலாம்.

அந்தப் படுக்கையில் படுத்த மூன்று பேர், ஒருவரையொருவர் பார்த்தேயிராதவர்கள், ஒரே புகாரைச் சொல்லியிருந்தார்கள். பெட்டிக்குள் யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்களாம். மருந்து மயக்கம் என்று நர்ஸ்கள் சிரித்தார்கள்.

முதல் தடவை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து மேசையின் இந்தக் கோடியில் கைப்பிடியையும் அந்தக் கோடியில் ஒரு நர்ஸ் பெட்டியையும் வைத்து, பேசிப் பார்த்தேன். கேட்டது. ‘குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் தடவையும் அப்படியே. ஆனால் அந்த இரண்டாம் தடவை, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கரண்டு இணைப்பே கொடுக்காமல் மேசையில் கிடந்த கைப்பிடியிலிருந்து “ஒண்ணு… ரெண்டு…” என்று வந்தது. ஐந்து வரை வந்து நின்றது. பட்டப்பகல், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பட்டாளத்துக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள், வேலை போகும். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அந்த எண்ணிக்கை எனக்குத் தெரியும். ராணுவத்தில் பழுதுபார்த்த செட்டை அப்படித்தான் சோதிப்போம். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் நேராக விழாத தூரத்துக்கு ஒரு ஆள் செட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து வரை எண்ணுவார். இங்கே இருப்பவர் ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்கி எண்ணி, ‘கேக்குது’ என்று முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அட்டையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்.

என் ஜோடி மூக்கன். வருஷம் பூராவும் சளி, பேச்சு முழுக்க மூக்கால். கடைசியாக நாங்கள் பார்த்த செட் அவனோடுதான் மலைமேல் காவல் நிலைக்குப் போக வேண்டியது. வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தூரமாவது ஒன்றாவது என்று ஒரே கூடாரத்தில் நின்றபடி அவனை எண்ணச் சொன்னேன். கேட்டது. என் காதில் விழுந்தது அவன் வாயிலிருந்து நேராக வந்த குரல் என்று அப்போது உறைக்கவில்லை. “நீ பாத்தா போதும்” என்று சொல்லி அவனும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறினான். அன்றைக்கே அங்கே மண் சரிந்தது. இரண்டு நாள் கூப்பிட்டோம், பதில் இல்லை. பிறகு அந்த செட்டைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது: நாங்கள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்கும், அவன் பேசியது மட்டும் வெளியே வரவே இல்லை. இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

மூன்றாம் புகாருக்கு மேலாளர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். பெட்டியைக் கழற்றிக்கொண்டு வரக் கூடாது, அங்கேயே ‘குறை இல்லை’ எழுதிவிட்டு வர வேண்டும், நாளைக்கு நிரந்தரக் கடிதம் தயார்.

ஏழாம் படுக்கையில் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். மத்தியான வெயில் அவர் போர்வைமேல் விழுந்திருந்தது. என் பையைப் பார்த்ததும், “வாம்மா, உங்க ஆளு காலையிலேருந்து எண்ணிக்கிட்டே இருக்காரு” என்றார். “அஞ்சு வரைக்கும் போவாரு, நிப்பாரு. யாரோ பதில் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி.”

ஐந்துக்குப் பிறகு பதில் வரவேண்டும் என்று இவருக்கு யார் சொன்னது? எதையாவது பேசவேண்டுமே என்று, நீங்கள் பேசினால் நர்ஸ் அம்மாவுக்குக் கேட்கிறதா என்றேன். அதெல்லாம் தெரியாது, விளக்கைப் பார்த்து ஓடி வந்துவிடுகிறார்கள், ராத்திரி மட்டும் அங்கேயிருந்தே என்ன வேணும் என்று கேட்கிறார்கள், கத்திக் கத்தித் தொண்டை வறண்டது என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஒரே மேசை. இரண்டு தடவையும் ஒரே மேசையில் இரண்டு கோடியையும் வைத்துக்கொண்டு, என் குரலை நானே கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடிப் பாவி, ஒரு ஆளைப் பறிகொடுத்தும் புத்தி வரவில்லையே உனக்கு!

வராந்தாவின் மறு கோடியில் இருந்த நர்ஸ் மேசைக்குப் போய் நின்றேன். சொன்னபடி பெரியவர் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. குரல் வரவில்லை. திரும்பி வந்து பிரித்தால், இழுபட்டு இழுபட்டு, கைப்பிடிக்குள் மைக் வயர் விட்டுப்போயிருந்தது. பற்றவைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலாளர் போன். எழுதியாச்சா என்றார். குறை இருக்கிறது, முந்தைய இரண்டு கையெழுத்தும் தப்பு, அப்படித்தான் எழுதப்போகிறேன் என்றேன்.

“அப்படி எழுதினா உங்களுக்காக நான் பேச முடியாதும்மா. யோசிச்சுக்குங்க.”

“யோசிச்சிட்டேன் சார்” என்றேன். இரண்டு வருஷம் வீட்டில் கிடந்தது கண்முன் வந்து போனது. அந்தக் கடிதம் எனக்கு வரவில்லை, இன்னொரு மூன்று மாதம் பார்ப்போம் என்றுதான் மறுநாள் வந்தது, அதற்கு என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதை விடுங்கள். அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

ஐயா, நான் மேசைக்குப் போனதும் பொத்தானை அழுத்தி ஐந்து வரை எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தேன். போய் நின்ற உடனே விளக்கு எரிந்தது. “ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு… அஞ்சு.” தெளிவாக, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி. இந்த மலிவு ஸ்பீக்கர்கள் எல்லோரையும் மூக்கால்தான் பேச வைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் நர்ஸ், “நல்லா கேக்குதே அக்கா” என்றாள்.

யாரும் கேட்காமலே குனிந்து, “அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு” என்று சொன்னேன். பிறகு, “கேக்குது” என்றேன். விளக்கு அணைந்தது. பதினொரு வருஷமாகச் சொல்ல வேண்டியிருந்த வார்த்தையைச் சொன்ன மாதிரி இருந்தது. வராந்தாவில் நடக்கும்போதே அழுதுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். பெரியவர் கையில் தண்ணீர் டம்ளர், சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கைப்பிடி நான் மாட்டிவிட்டுப் போன கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“கோச்சுக்காதம்மா” என்றார். “நீ அந்தப் பக்கம் போனதும் இருமல் புடிச்சுக்கிச்சு. இப்ப எண்ணட்டுமா?”