கீரி நாட்டுக்கும் நாரை நாட்டுக்கும் போர் மூண்ட காரணம்

சாலிகிராமத்தில் இருக்கும் அந்த ஸ்டுடியோவுக்குத் திங்கட்கிழமைதோறும், முந்தைய வாரக் கார்ட்டூன் தொடரில் செத்துப்போனவர்கள் வருவார்கள். வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். அவர்களுடைய குறைகளைக் கேட்பது மாசிலாமணியின் வேலை.

தொடரில் கீரி நாட்டுக்கும் நாரை நாட்டுக்கும் நான்கு வருடமாகப் போர். கீரிகளை வரைபவர் மாசிலாமணி. நாரைகளை வரைபவர் எதிர் அறையில் இருக்கும் இருதயராஜ். பன்னிரண்டு வருடம் இருவரும் ஒரே மேசையில் வரைந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். இரண்டு நாடுகளையும் முதலில் கற்பனை செய்தது இருதயராஜ்தான். ஒருநாள் புது முதலாளி வந்து, “இது யார் யோசனை?” என்று கேட்டார்.

“என்னுது சார்,” என்றார் மாசிலாமணி.

பக்கத்திலேயே நின்ற இருதயராஜ் தன் பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு எதிர் அறைக்குப் போய்விட்டார். அடுத்த வாரமே நாரைப் படை எல்லையைத் தாண்டியது.

இந்தத் திங்கட்கிழமை பதினேழாம் டோக்கனோடு வந்தது ஒரு பெண் நாரை. கழுத்தில் தைத்த அம்பு கதவில் இடிக்காமல் பக்கவாட்டில் நடந்து வந்தது.

“ஐயா, உயிரெல்லாம் திரும்ப வேணாம். என் ரெண்டு பிள்ளைங்களும் போன மாசமே இந்த பெஞ்சில வந்து உட்கார்ந்துட்டுப் போயிட்டாங்க. சண்டை எதுக்குன்னு மட்டும் தெரியணும்.”

“அடுத்த எபிசோடில் சொல்லிடறேன்மா.”

மாசிலாமணி சொன்னபடியே உட்கார்ந்து எழுதினார். இரண்டு இளவரசர்கள், ஒரே உயிராய்ப் பழகியவர்கள். நண்பனின் யோசனையைக் கீரி தன்னுடையதென்று சபையில் சொல்கிறது. அந்த இடத்தில் கீரியின் முகத்தை வரைந்தார். வரைந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. ரப்பரை எடுத்தார். இப்போது பொய் சொன்னது நாரை. ஏமாந்தது கீரி. கடைசியில் நாரை மன்னிப்புக் கேட்பதாக எழுதி, கதையை எதிர் அறைக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் நாரைப் படங்கள் வந்தன. கதையில் ஒரு வரியும் மாற்றப்படவில்லை. நாரை தலைகுனியும் காட்சிக்கு மட்டும் இருதயராஜ் நாற்பது தாள் வரைந்திருந்தார்.

சனிக்கிழமை ஒளிபரப்பானது. போர் நின்றது. திங்கட்கிழமை பெஞ்சில் யாரும் இல்லை.

பதினோரு மணிக்கு, நான்கு வருடத்தில் முதல் முறையாக, இருதயராஜ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

“மாசி, மன்னிச்சிடுடா. அன்னைக்கு முதலாளி கேட்டப்போ, உன் யோசனையை என்னுதுன்னு சொல்லிட்டேன். எப்படித்தான் வாய் வந்துச்சோ.”

அவர் குரலில் கேலி இல்லை. அப்படி நடந்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். மாசிலாமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

அழுது முடிக்கட்டும் என்று மாசிலாமணி பொறுமையாகக் காத்திருந்தார்.

“சரி, விடு,” என்றார். “இனிமே யாருக்கும் அப்படிப் பண்ணாதே.”