விருந்தாளிக்கு முதல் வாய்

1991 ஆகஸ்டில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவு திறந்தாயிற்று என்று பேப்பரில் வந்த கையோடு, ஒரகடம் சாலையில் இருந்த வால்வுத் தொழிற்சாலையின் தர ஆய்வுத் தலைவர் ஸௌந்தரராஜன் கோட்டு தைக்கக் கொடுத்தார். பாதிப் பங்கு வாங்க மோரேல் என்ற பிரெஞ்சுக்காரர் வருகிறார். கூட்டுக் கம்பெனிக்கு ஓர் இயக்குநர் வேண்டும். அந்த வளாகத்தில் பாரிஸைக் கண்ணால் பார்த்தவர் ஸௌந்தரராஜன் ஒருவர்தான்.

இரண்டு வருஷம் முன்பு பயிற்சிக்குப் போனவர், ஓட்டல் அறைக்குள்ளேயே சாதம் வடித்துத் தயிர் பிசைந்து காலம் தள்ளிவிட்டுத் திரும்பினார். அது அவருக்கும் பெருமாளுக்கும் மட்டுமே தெரியும். கான்டீனில் அவர் சொல்லும் பாரிஸ் வேறு. அதில் சிவப்பு ஒயின் ஆறாக ஓடும்.

பாரிஸில் விடைபெறும்போது பயிற்சி தந்தவர்கள் கொடுத்த ஒயின் பாட்டிலை மனைவி வைதேஹி வீட்டுக்குள் சேர்க்கவில்லை. மொட்டை மாடித் தகரக் கொட்டகையில், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே, அது இரண்டு அக்கினி நட்சத்திரத்தைத் தாங்கியது. பழசாக ஆக ஆகத்தான் மதிப்பு என்று ஸௌந்தரராஜன் நம்பினார்.

விருந்துக்கு முந்தின நாள் அதிகாரிகளுக்கு வகுப்பு எடுத்தார். ஒயினுக்குப் பதில் ரோஸ் மில்க்.

"இப்படிச் சுழற்றணும். மூக்கை உள்ள விடணும். ஒரு வாய் எடுத்து நாக்குல உருட்டணும். கருந்திராட்சை, தேவதாரு, பழைய தோல்... ஒண்ணொண்ணாத் தெரியும்."

"தோலுன்னா செருப்பா சார்?" என்றார் பராமரிப்புப் பிரிவு ஜெபகுமார்.

"ரசனைன்னு ஒண்ணு இருக்குய்யா."

"கீது சார். தொட்டுக்க இன்னா? ஆட்டுக்கறிதான் எடுபடும்னு கேள்வி. பஸ் ஸ்டாண்டாண்ட கடைல சொன்னா சுக்கா போட்டு அனுப்புவான்."

"கொழுப்பும் உப்பும் இருந்தாப் போறும். அதுக்கு ஆடுதான் வரணுமா? மிளகு வடை. கூடவே புளியோதரை."

"அந்த ஆளு வயிறு இன்னா சார் பாவம் பண்ணுச்சு?"

மறுநாள் மதியம் விருந்து. கொட்டகையிலிருந்து வந்த பாட்டிலின் கார்க்கை ஒரு ஸ்க்ரூவும் குறடும் வைத்து ஜெபகுமாரே உருவினார். லேபிளைப் பார்த்ததும் மோரேலின் முகம் மலர்ந்தது. பாட்டிலை வாங்கி, ஸௌந்தரராஜனின் கண்ணாடி டம்ளரில் கொஞ்சமாக ஊற்றினார்.

"விருந்து தருபவர் முதலில் சுவைத்துச் சொல்லட்டும். எங்கள் வழக்கம்."

ஸௌந்தரராஜன் பதறிப்போனார். விருந்தாளியைக் காக்க வைத்துவிட்டுத் தான் வாய் வைப்பதா? எச்சில் பண்ணிவிட்டுப் பிறகு பரிமாறுவதா? பிரெஞ்சுப் பண்பாட்டில் ஊறியவர்தான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

"கூடவே கூடாது. எங்கள் வழக்கத்தில் விருந்தாளிக்குத்தான் முதல் வாய்" என்று மோரேலின் டம்ளரை விளிம்பு வரை நிரப்பினார்.

மோரேல் ஒரு வாய் குடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நாப்கினைத் தேடி வாயைத் துடைத்தார்.

"கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் விருந்து தருபவர் முதலில் சுவைப்பது," என்றார் மெதுவாக. "இது வினிகர்."

எல்லோரும் வடையைப் பார்த்தார்கள். இயக்குநர் நாற்காலி கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கோவில் கோஷ்டியில் நின்ற குடும்பத்தின் வாரிசு தம் டம்ளரை எடுத்தார். சுழற்றினார். மூக்கை விட்டார். கண்ணில் நீர் முட்ட, மொத்தத்தையும் விழுங்கினார்.

"கருந்திராட்சை," என்றார். இருமினார். "தேவதாரு. முதல் தரம்."

மோரேல் அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அதுவும் உள்ளே போயிற்று.

"குறையே தெரியவில்லையா?"

"துளிகூட இல்லை."

"போதும் சார். இரும்பையே அரிச்சுடும்" என்று ஜெபகுமார் காதோரம் முனகினார்.

சாயங்காலம் மோரேல் பங்கு வாங்கச் சம்மதித்தார். இயக்குநர் பாரிஸிலிருந்து வருவார். ஸௌந்தரராஜனை மட்டும் இனி தர ஆய்வுப் பக்கமே விடக்கூடாது. விற்பனைக்கு இப்படி ஒருவர் எங்கே தேடினாலும் கிடைக்கமாட்டார் என்றார்.

வைதேஹி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"என்ன நெடி இது! உள்ள வராதேங்கோ, கொல்லைப் பக்கமாப் போய்க் குளிச்சுட்டு வாங்கோ. டைரக்டர் ஆயாச்சா?"

"அதைவிடப் பெரிசு. இந்தியா பூரா சுத்தணும்" என்று சொல்லிவிட்டு ஸௌந்தரராஜன் கோட்டோடு கிணற்றடிக்குப் போனார்.