மூடியைத் திறப்பதற்கு முன்

1.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் பால்கனியில் இருக்கும் பச்சை வாளியில். இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் கிடைக்குமா என்று அரைமணி நேரம் யோசித்தேன், எதுவும் அகப்படவில்லை.

முதல் தொடக்கம்: "ஒரு கரண்டி மட்கிய உரத்தில் வாழும் உயிர்கள் கோடானு கோடி..." (வேண்டாம். பாடப்புத்தகம் கொட்டாவி விடுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: "வானம் வாளிக்குள் இறங்கி..." (வெட்கக்கேடு.)

மூன்றாவது ஒருமாதிரி தேறும்.

2.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற ஒருத்தி. வீட்டில் பதினேழு தொட்டிச் செடிகள். அதில் எலுமிச்சை மட்டும் அவளுடையதல்ல, நாத்தனாருடையது. வேலை விஷயமாக ஒரு வருடம் வெளிநாடு போனவள், "பாத்துக்கோங்க அண்ணி. பட்டுப்போனாலும் பரவாயில்ல, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் 'பரவாயில்ல' அண்ணிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. இவள் விடுவதாயில்லை. குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து, ஒருநாள் மூடாமல் திறந்து வைத்துக் குளோரினைப் போக்கினாள். மட்கிய உரத்தைத் துணியில் முடிந்து அதற்குள் தொங்கவிட்டாள். ஒரு துண்டு வெல்லம். அப்புறம் மீன்தொட்டிக்கு வைக்கிற காற்றுப் பம்பு. ஒருநாள் முழுக்கக் குமிழி விட வேண்டும். இதற்குக் கம்போஸ்ட் டீ என்று பெயர்.* இரண்டு முறை ஊற்றியதில் நான்கு தளிர், ஒரு மொட்டு. இது மூன்றாவது வாளி.

(* குடிக்கலாமா என்று கேட்கும் உறவினர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். கூடாது.)

கணவன் பேருந்து ஓட்டுநர்.

"இதென்ன கொர்ருனு ஒரே சத்தம்?"

"நாளைக்குச் சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் நிறுத்திடாதீங்க. காத்து இல்லன்னா நல்லதுங்க செத்து, நாத்தம் புடிச்சதுங்க பெருகிடும். அதை ஊத்தினா வேர் அழுகிடும்."

"எதுங்க?"

"கண்ணுக்குத் தெரியாததுங்க. உங்க பஸ்ல ஏறுற கூட்டம் மாதிரி."

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பியதும் ஓட்டுநர் பம்பை நிறுத்திவிட்டு

3.

(இங்கே பேனா நின்றுவிட்டது. நாளெல்லாம் இன்ஜின் சத்தத்தில் கிடக்கிற மனிதருக்குப் பம்புச் சத்தம் தாலாட்டு. அவர் எதற்கு நிறுத்துகிறார்? பஸ் கூட்டம் எப்போது கண்ணுக்குத் தெரியாமல் போனது? இந்த ஆளை நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள்.)

சரி, ஓட்டுநரை இறக்கிவிடுகிறேன். அந்தக் கணவன் நான்தான். அவள் உண்மையில் சொன்னது இது: "கண்ணுக்குத் தெரியாததுங்க. உங்க வாசகர்கள் மாதிரி. ஆனா இதுங்க நெஜமாவே இருக்கு."

காலை பத்து மணிக்கு நிறுத்தினேன். ஒரே ஒரு பத்தி எழுதிவிட்டு மறுபடி பம்பைப் போட்டுவிடலாம் என்றுதான். மாதக்கணக்கில் மக்கர் பண்ணிய எழுத்து அந்த அமைதியில் மடமடவென்று வந்தது. "பம்பை நிறுத்திவிட்டு" என்று எழுதும்போதுதான் திக்கென்றது. மணி நான்கு. விழுந்தடித்து ஓடி மறுபடி போட்டேன். வாளியைப் பற்றி எழுதுவதற்காக அதே வாளியின் மூச்சை நிறுத்திய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (ஆறு மணி நேரத்தில் இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். என் அளவுக்கு இது வெள்ளம்.)

4.

முடிவு அ: சத்தமில்லாமல் கொட்டிவிட்டுப் புதிதாக வைப்பது. (அவள் போடுகிற முடிச்சு எனக்கு வராது. கையும் களவுமாக அகப்படுவேன்.)

முடிவு ஆ: வாயே திறக்காமல் இருப்பது. அவள் ஊற்றுகிறாள், ஒரு வாரத்தில் அந்த மொட்டு

(இதை எழுத மனசு வரவில்லை. தினமும் அந்த மொட்டைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பையே மாட்டுகிறாள்.)

முடிவு இ: முகர்ந்து பார்ப்பது. மண் வாசனை வந்தால் பிழைத்தது. அழுகல் வாடை என்றால் போயிற்று. முகர்ந்தேன். எனக்கு மூன்று நாளாக ஜலதோஷம். சாக்கடையும் சந்தனமும் ஒன்றுதான்.

5.

இதுவரை 'நீங்கள்' என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் கதைகளை முதலில் படிப்பது நீ ஒருத்திதான். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தரைக்கு வருவாய். பையைக் கீழே வைத்த கையோடு பால்கனிக்குப் போவாய். இந்தத் தாள்கள் வாளி மூடியின் மேல், நீ ஊற்றுகிற குவளைக்கு அடியில் இருக்கும். படித்துவிட்டு மூடியைத் திற. நல்ல வாசனை என்றால் எலுமிச்சைக்கு ஊற்று. இல்லையென்றால் கொட்டிவிட்டு என்னைக் கூப்பிடு. இன்றே தண்ணீர் பிடித்துத் திறந்து வைக்கிறேன். நாளைக்குப் பம்பு ஓடும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தச் சத்தத்தோடேயே எழுதுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த மொட்டை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது.

இந்தக் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனா குவளைக்குள் இருக்கிறது.

6.