நூற்றைம்பது மீட்டர் பலகை

பெரிய பந்தய அணிக்காரர்கள் மூன்று ஓட்டுநர்களைச் சோதனை ஓட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இடம் ஒன்றுதான். ஆளுக்குப் பன்னிரண்டு சுற்று, ஒரே கார், ஒரே மாதிரிப் புது டயர். தேறுகிறவர் அடுத்த வருடம் எட்டு நாடுகளில் ஓட்டப் போவார். தேறாத இரண்டு பேர் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூவரில் ஒருவனான தம்பிக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. இந்தத் தொழிலில் அது கிழட்டு வயது. இதை விட்டால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும், அவனைவிட அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அவளும் கூட வந்திருந்தாள். ஓட்டுநர் தன் இன்ஜினியரை அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தார்கள், தம்பியின் இன்ஜினியர் அவள்தான்.

முன்பெல்லாம் கார் பந்தயம் என்பது கம்பெனிக்காரர்களும் கோடீஸ்வரர்களும் தங்களுக்குள் ஆடிக்கொண்ட ஆட்டம். மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்று காதைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். பிறகு எந்தப் புண்ணியவானோ ஒரு வழி கண்டுபிடித்தான். கடையில் விற்கிற அதே குடும்பக் காரைப் பந்தயத்துக்கென்று தயார் செய்து, ஒரு விலை வைத்து, யார் கேட்டாலும் விற்பது. எல்லா நாட்டிலும் ஒரே விதி. இங்கே ஓட்டிய காரைக் கப்பலில் ஏற்றி அங்கேயும் ஓட்டலாம். பத்து வருடத்தில் இது எங்கெங்கோ பரவிவிட்டது. டைல்ஸ் கடை வைத்திருந்த ஒருவர்கூட மூன்றாம் கை கார் ஒன்றை வாங்கி, பந்தய எண்ணைவிடப் பெரிதாகக் கதவில் தன் கடைப் பெயரை எழுதி, அணி முதலாளி ஆகிவிட்டார். அவரிடம்தான் அக்காவும் தம்பியும் இரண்டு வருடமாக இருந்தார்கள். அங்கே அக்காவே இன்ஜினியர், அக்காவே மெக்கானிக், ஆள் வராத நாளில் டயர் உருட்டுகிறவளும் அவளே.

விலை மலிவாக இருக்க வேண்டுமென்றால் ஒருவன் மட்டும் எப்போதும் ஜெயித்துக்கொண்டிருக்கக் கூடாது, இல்லாவிட்டால் அவனைப் பிடிக்க மற்றவர்கள் பணத்தைக் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். எந்த ரகக் கார் வேகமாக ஓடுகிறதோ அதன் வயிற்றில் ஈயத் தகடு ஏற்றுவார்கள். எந்த ரகம் திணறுகிறதோ அதிலிருந்து எடையை இறக்குவார்கள். விதி போட்டவர்கள் நியாயவான்கள், சந்தேகமில்லை. ஆனால் வகுப்பில் முந்திப் படிக்கிற பிள்ளையின் பையில் கல்லைப் போட்டால், பிள்ளை அடுத்த வாரமே மக்குப் பையனாக நடிக்கத் தொடங்கிவிடும். பந்தயத் தளத்தில் நடந்ததும் அதுதான். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் மக்கானார்கள்.

அக்காவின் மூளை அப்போது வேலை செய்தது. என்ஜின் எப்படி ஓடுகிறது, ஆக்ஸிலரேட்டர் மிதி எவ்வளவு அழுந்துகிறது என்பதையெல்லாம் அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். நேர்ச் சாலையில் காலை எடுத்தால் மாட்டிக்கொள்வோம். பிரேக்கைச் சீக்கிரம் போட்டால்? ஓட்டுநர் கொஞ்சம் பயந்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். பயத்துக்கு அபராதம் போட எந்த விதியிலும் இடமில்லை. நீண்ட நேர்ச் சாலையின் முடிவில், வளைவுக்கு முன்னால், இருநூறு, நூற்றைம்பது, நூறு என்று மீட்டர் பலகைகள் நட்டிருப்பார்கள். கெட்டிக்கார ஓட்டுநர் நூறில் பிரேக் போடுவான்.

"நீ நூத்தம்பதுல போடு. மத்தவங்க என்ன நெனச்சா நமக்கென்ன? எடை இறங்கட்டும், அப்புறம் பாரு" என்றாள்.

"பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாங்கக்கா."

"சொல்லிட்டுப் போறாங்க. நீ யாருன்னு எனக்குத் தெரியும்ல?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் இரண்டு வருடம் நூற்றைம்பதில் பிரேக் போட்டான். அந்த ரகத்தில் அங்கே ஓடியது இவர்கள் கார் ஒன்றுதான். முப்பது கிலோ இறங்கியது. நான்காவது, ஐந்தாவது என்று வந்துகொண்டிருந்த கார் மூன்றாவது, இரண்டாவது என்று வரத் தொடங்கியது. டைல்ஸ் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாகப் படம் எடுத்துக்கொண்டார். அக்காவுக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது. அதை இப்போது நினைத்தால் அவளுக்கே தன்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

அன்று காலை தம்பி ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன்னால் அவன் தோளைத் தட்டி, "இன்னிக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல. நூறுல போடு. முழுசா ஓட்டு" என்றாள்.

"ரெண்டு வருஷமா இதைக் கேக்கத்தான்க்கா காத்துக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

கட்டடத்துக்குள் சுவரோரம் ஒரு மேசை, இரண்டு மடிக்கணினி, ஆறிப்போன காப்பி. அக்கா காதில் ரேடியோவை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். முதல் இரண்டு சுற்று டயர் சூடாவதற்கு. மூன்றாவது சுற்றில் பிரேக் கோடு எழும்பிய இடத்தைப் பார்த்து, கருவி தவறாகக் காட்டுகிறது என்று நினைத்தாள். நான்காவதிலும் அதே இடம். நூற்று நாற்பத்தைந்து மீட்டர்.

"டேய், நூறுக்கு வா. சீக்கிரம் போடுற."

"நூறுலதான்க்கா போடறேன்."

"நூத்தி நாப்பத்தஞ்சு காட்டுது."

"மெஷினைப் பாரு நீ. பலகை எனக்குப் பக்கத்துல வந்தப்புறம்தான் போடறேன்!" அவன் குரலில் எரிச்சல். பொய்யில்லை. அவன் உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

ஐந்து, ஆறு, ஏழு. அக்கா சொல்லச் சொல்ல அவன் நூற்று முப்பத்தெட்டுக்கு வந்தான், பிறகு நூற்று நாற்பத்திரண்டுக்குத் திரும்பிப் போனான். ஒன்பதாவது சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு முறை நூற்றுப் பத்து வரை விட்டுப் பார்த்தான். வளைவுக்குள் கார் அகலமாகப் போய், சரளையில் பாதிச் சக்கரம் இறங்கி, நேரம் இன்னும் கெட்டது. அதற்குப் பிறகு அந்தக் கால் பிடிவாதமாகப் பழைய இடத்துக்கே போய்விட்டது. முன்னால் ஓட்டிய இரண்டு பேரும் நூற்று ஐந்திலும் நூறிலும் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு இருபத்திரண்டு வயது. தம்பி அவர்களைவிட ஒரு விநாடிக்கு மேல் பின்தங்கியிருந்தான். சாலையில் ஒரு விநாடி கண்ணுக்கே தெரியாது. இங்கே அது ஒரு வாழ்க்கை.

பெரிய அணியின் மேலாளர் தலை நரைத்த, தணிந்து பேசுகிற மனிதர். நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"வளைவுக்குள்ள ரொம்ப அழகா ஓட்டறார்மா உங்க தம்பி. மூணு பேர்ல இவர்தான் அங்க வேகம். ஆனா பிரேக்ல எல்லாத்தையும் விட்டுடறார். கார்ல ஏதாவது கோளாறா? பிரேக் மிதி சரியில்ல, டயர் சரியில்ல, அப்படி ஏதாவது இருந்தா சொல்லுங்க. மதியம் இன்னொரு தடவை ஓட்டட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

ஒரே ஒரு வார்த்தை போதும். பிரேக் மிதி மெத்தென்று இருக்கிறது என்றால் போதும், இன்னும் பன்னிரண்டு சுற்று கிடைக்கும். ஆனால் காலையில் பிரேக்கைத் தயார் செய்த மெக்கானிக், நாலடி தள்ளி நின்று கையைத் துடைத்துக்கொண்டே இவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேலை சுத்தமான வேலை என்பது திரையிலேயே தெரிந்தது. தன் தம்பிக்காக இன்னொருவன் தலையில் பழியைப் போடுவதா? போட்டாலும் மதியம் மட்டும் என்ன மாறிவிடும்?

"கார் நல்லா இருக்கு சார்" என்றாள். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. எடை, முப்பது கிலோ, நூற்றைம்பது மீட்டர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. "எல்லாரும் பண்றதுதான்மா, நாங்களும் பண்ணியிருக்கோம். ஆனா நாங்க நேர் ரோட்டுலதான் வேகத்தை ஒளிப்போம். மாட்டுனா அபராதம், அவ்வளவுதான். பிரேக்ல மட்டும் ஒளிக்கவே மாட்டோம். அது கால்ல உக்காந்துடும். அங்க போட்டாத்தான் உயிரோட இருப்போம்னு உடம்பு நம்பிடும். அப்புறம் நீங்க சொன்னாலும் கேக்காது, அவரே சொன்னாலும் கேக்காது." மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரி, இதைச் சரி பண்ண எவ்வளவு நாளாகும்? நீங்க என்ன நெனக்கிறீங்க?" என்றார்.

இரண்டு மாதம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைக் கேட்கத்தான் ஆசைப்பட்டார் என்றுகூடப் பிறகு அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவளுக்குள் இருந்த இன்ஜினியர் முந்திக்கொண்டாள்.

"தெரியல சார். ஒரு வருஷம் ஆகலாம். சரியாகாமலும் போகலாம்."

"நன்றிம்மா" என்று எழுந்தார். மேசை மேலிருந்த, தம்பியின் சுற்று நேரங்கள் குறித்த தாளை மடித்து, மற்ற இரண்டு தாள்களுக்கு அடியில் வைத்தார். அதை அவர் மெதுவாகச் செய்தது அக்காவுக்கு இன்னும் வலித்தது.

உடை மாற்றுகிற அறையில் தம்பி பாதிக் கழற்றிய பந்தய உடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மதியம் இன்னொரு தடவை குடுப்பாங்களாமே? காரைத் தள்ளிட்டுப் போன பையன் சொன்னான். அந்தப் பெரியவர் உன்கிட்டக் கேக்கப் போறார்னு. என்ன சொன்ன?"

அக்கா கதவைச் சாத்தினாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை.

"கார் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"உன் கால் சரியாக எவ்வளவு நாளாகும்னு கேட்டார். தெரியலன்னு சொன்னேன். சரியாகாமலும் போகலாம்னு சொன்னேன்."

கத்துவான், ஹெல்மெட்டை வீசுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். வீசியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் குனிந்து வலது காலின் ஷூவைக் கழற்றினான். பிறகு, சின்ன வயதில் அவளிடம் எதையாவது புரியாமல் கேட்பானே, அந்தக் குரலில் கேட்டான்.

"ரெண்டு வருஷம் என்னைப் பொய்யா ஓட்டச் சொன்ன. ஓட்டினேன். எனக்காக ஒரே ஒரு பொய் உன்னால சொல்ல முடியலையாக்கா?"