ஓஸ்ட்பி வீடு மண்ணுக்குள் இறங்கிய பருவம்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கோல்டர் கிரீக் என்ற ஊரில், ஓர் அக்டோபர் மாதம், ஹார்லன் ஓஸ்ட்பியின் வீடு ஜன்னல் விளிம்பு வரை மண்ணுக்குள் இறங்கியது. சுவரில் விரிசல் இல்லை. அலமாரியில் ஒரு கோப்பைகூட உடையவில்லை. அதே வாரம் பால் விலையும் ஏறியிருந்ததால் ஊர் இரண்டையும் சேர்த்தே பேசியது.

காரணம் தோட்டாப் பஞ்சம். தேர்தல் வருகிறது, சட்டம் மாறும் என்று ஒரு பேச்சு. எங்கோ போர், ஆலைகள் ராணுவத்துக்கே செய்கின்றன என்று இன்னொன்று. தோட்டாவின் அடியில் வைக்கும் சின்ன வெடிமூடி கிடைக்கவில்லை என்று வேறொன்று. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் வெர்னா ஸ்காரின் தோட்டாக் கடையைக் காலி செய்தது வாசலில் நின்ற வரிசைதான். சரக்கு வண்டியில் எது வந்தாலும் வாங்கினார்கள். முதல் ஆளாக நின்றவர் ஹார்லன்.

“இந்தத் தோட்டா போடுற துப்பாக்கியே உன்கிட்ட இல்லையே ஹார்லன்?” என்று வெர்னா கேட்டார்.

“வரிசை இருந்துச்சு, நின்னேன். இதுதான் கிடைச்சுது, வாங்குறேன்.”

அவர் வீட்டு நிலவறையில் தோட்டாப் பெட்டி ஏற ஏற, அந்தக் கனத்தில் வீடு இறங்கியது. வேறு சில வீடுகளும் ஒரு படி, இரண்டு படி இறங்கின. ஹார்லன் ஜன்னல் வழியாகப் போய்வரப் பழகினார். தபால்காரர் குனிந்து கொடுக்கப் பழகினார்.

பக்கத்து வீட்டு லொரேனா ட்வெய்ட் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். மர ஆலை மூடியதிலிருந்து அவள் புருஷனுக்கு வேலை இல்லை. குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகள் சாப்பிடுவது அவள் சுடும் எல்க் மானைத்தான். வேட்டை அனுமதி கையில் இருந்தது. தோட்டா மட்டும் இரண்டே இரண்டு. போதாக்குறைக்குத் துப்பாக்கி வண்டியிலிருந்து விழுந்து, மேலிருந்த தொலைநோக்கி அசைந்துவிட்டது. குறியைச் சரிபார்க்காமல் சுட்டால் மான் காயத்தோடு ஓடிப்போய்ச் சாகும். சரிபார்த்தால் மலைக்கு எடுத்துப்போகத் தோட்டா மிஞ்சாது. வேட்டைப் பருவம் முடிய ஒரு வாரம்கூட இல்லாதபோது, அவள் ஹார்லன் ஜன்னலருகே பனியில் குப்புறப் படுத்துக் கூப்பிட்டாள்.

“என் துப்பாக்கிக்கு ஆகுற பெட்டி ஒண்ணு குடுங்க ஹார்லன். விலை தர்றேன்.”

“நாளைக்கு எனக்கே வேணும்னா?”

“உங்ககிட்ட அந்தத் துப்பாக்கியே இல்லையே!”

“வாங்குவேன்ல?”

“வாங்கி எதைச் சுடுவீங்க, மண்புழுவையா? உங்க ஜன்னல்ல அதுதானே தெரியுது.”

உள்ளே அவர் மனைவி பெரிட் வாய்விட்டுச் சிரித்தார். “குடுத்துத் தொலைங்க. வெயில் மூஞ்சியப் பாத்து எவ்வளவு நாளாச்சு!”

பெட்டி கைமாறியதும் வீடு கையகலம் எழும்பியது. ஹார்லன் அதைக் கவனித்தார். லொரேனா காகித இலக்கில் சுட்டுக் குறியைச் சரிசெய்தாள். பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை ஓர் எல்க் மானைச் சாய்த்தாள். ஒரு தொடை ஓஸ்ட்பி வீட்டுக்குப் போனது. அந்தக் குளிர்காலத்தில் ஹார்லன் மற்ற பெட்டிகளையும் வாங்கிய விலைக்கே விற்றார், சிலதைக் கொடுத்துத் தன் துப்பாக்கிக்கு ஆகும் பெட்டிகளாக மாற்றிக்கொண்டார். வசந்தத்தில் அவர் வீட்டுக் கதவு திறந்தது. கீழ்ப்படி மட்டும் மண்ணுக்குள்ளேயே நின்றது. அது அவருடைய சொந்தத் துப்பாக்கிக்கான கையிருப்பின் எடை. யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது அங்கே வரிசை கிடையாது. கோடையில், கேட்பாரில்லாத நாளில், ஒரு பருவத்துக்கு ஆவதை மட்டும் வாங்குகிறார்கள். கடைக்குக் கிளம்புமுன் சமையலறைத் தரையில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது; தரை சாய்ந்திருந்தால் வீட்டில் இருப்பதே போதும் என்று அர்த்தம்.

“வீடு மட்டமா இருக்கா?” என்று ஒரு ஜூலையில், லொரேனாவுக்குப் பெட்டியைக் கையில் எடுத்தபடி வெர்னா கேட்டார்.

“அடுப்புப் பக்கம் லேசா சாய்வு” என்றாள் லொரேனா.

வெர்னா பெட்டியைத் திரும்ப அலமாரித் தட்டில் வைத்தார். பிறகு இருவரும் வைக்கோல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.